‘யாத்தார்’ என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி இதுதான்: ஒரு நூல் வெளியீட்டு அழைப்பிதழில் “கவிஞர் யாத்த கவிதைகள்” என்று அச்சடித்திருக்கிறார்கள். யாத்த என்றால் எழுதிய என்றுதானே பொருள், அப்படியானால் எழுதிய என்றே போட்டிருக்கலாமே, இல்லை இது எழுதுவதைவிட ஒரு படி உசத்தியா, இயற்றினார், புனைந்தார், பாடினார் எல்லாம் இதே பொருள்தானா, நான் முகநூலில் போடும் கவிதைக்குக் கீழே “யாத்தவர்” என்று என் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதுவது வெண்பாவோ விருத்தமோ கலித்துறையோ என்றால் தாராளமாகப் போடலாம். புதுக்கவிதை என்றால் வேண்டாம், பொருந்தாது. அது ஏன் என்பதற்குத்தான் மீதிப் பதில் முழுவதும்.

யாத்தல் என்றால் கட்டுதல். அவ்வளவுதான் அடிப்படைப் பொருள். கயிற்றால் கட்டுவது, காலில் கழல் கட்டுவது, பிணிப்பது. செய்யுள் எழுதுவது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்ததுதான், சொற்களைக் கட்டுவதால் அதுவும் யாத்தல். இன்றைக்கு நாம் இந்தச் சொல்லைக் கவிதையோடு மட்டுமே பார்க்கிறோம் என்பதால் அது ஏதோ கவிதைக்கென்றே பிறந்த சொல் போலத் தெரிகிறது. திருக்குறளைப் புரட்டினால் அந்த எண்ணம் போய்விடும். 777ஆம் குறளில் “கழல்யாப்புக் காரிகை நீர்த்து” என்று வருகிறது, புகழுக்காக உயிரையும் பொருட்படுத்தாத வீரர்கள் காலில் கழல் கட்டிக்கொள்வது அவர்களுக்கு அழகு என்று பொருள். அங்கே யாப்பு என்றால் வெறும் கட்டுதல், செய்யுளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1093இல் “நோக்கினாள் நோக்கி இறைஞ்சினாள் அஃதவள் யாப்பினுள் அட்டிய நீர்” என்கிறார். அவள் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலை குனிந்தாள், அது எங்களுக்குள் இருக்கும் பிணைப்புக்கு அவள் ஊற்றிய தண்ணீர். இங்கே யாப்பு என்பது இரண்டு மனங்களுக்கு நடுவே விழுந்த கட்டு. இந்தக் குறளை யாப்பிலக்கணப் பாடத்துக்கு முந்தின பக்கத்தில் வைத்து நடத்தினால் பாதிப் பிள்ளைகளுக்கு யாப்பின் மேல் இருக்கும் பயம் போய்விடும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம்.

இவை இரண்டும் பெயர்ச்சொல்லாக வந்தவை. வினையாகவே வருவது 793:

“குணமும் குடிமையும் குற்றமும் குன்றா
இனனும் அறிந்தியாக்க நட்பு.”

ஒருவனுடைய குணம், பிறந்த குடி, அவனிடம் உள்ள குறை, குறைவில்லாத சுற்றம் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு அப்புறம் நட்பை யாக்க. யாக்க என்பது வியங்கோள், கட்டுக என்று பொருள். நட்பைச் செய்க என்றோ கொள்க என்றோ சொல்லியிருக்கலாம், யாக்க என்கிறார். அவசரத்தில் போட்ட முடிச்சை அவிழ்ப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர் போலிருக்கிறது.

இந்தக் குறளை விடுவதற்கு முன்னால் இதையே கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடலாம், ஏனென்றால் செய்யுளில் கட்டு என்றால் எது எதோடு கட்டப்படுகிறது என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. முதல் அடியில் நான்கு சீர்: குணமும், குடிமையும், குற்றமும், குன்றா. நான்கும் கு என்றே தொடங்குகின்றன, முற்று மோனை. காதில் விழுகிற கட்டு இது, யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கட்டு ஒன்று இருக்கிறது, அதன் பெயர் தளை. ஒரு சீர் எந்த வகையோ அதைப் பார்த்துத்தான் அடுத்த சீர் தொடங்க வேண்டும். சீரின் துண்டுதான் அசை: குறிலோ நெடிலோ தனியாக நின்றால் நேர் (குற், நட்), குறிலுக்குப் பின் இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை (குடி, இன), ஒற்று கணக்கில் இல்லை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம், மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய்; தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் எல்லாம் இவற்றுக்கு வைத்த வாய்பாட்டுப் பெயர்கள். வெண்பாவில் சட்டம் எளிது: மாச்சீர் வந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும், விளச்சீர் வந்தால் நேரில், காய்ச்சீர் வந்தாலும் நேரில். குணமும் என்பது புளிமா, அடுத்து வரும் குடி நிரை, சரி. குடிமையும் கருவிளம், அடுத்து குற் நேர், சரி. குற்றமும் கூவிளம், அடுத்து குன் நேர், சரி. குன்றா தேமா, அடி மாறுகிறது, ஆனாலும் கட்டு விடாது, அடுத்த அடியின் இன நிரை, சரி. இனனும் புளிமா, அடுத்து அறிந் நிரை. அறிந்தியாக்க காய்ச்சீர், அடுத்து நட் நேர். நட்பு, காசு என்னும் வாய்பாட்டில் முடிகிறது. முடிச்சு விழுந்துவிட்டது.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். குன்றா என்பதை எடுத்துவிட்டுக் குறையா என்று போட்டுப் பாருங்கள். பொருள் மாறவில்லை, குறையாத இனம் என்றாலும் அதுதான். மோனையும் போகவில்லை, கு அப்படியே இருக்கிறது. ஆனால் குற்றமும் என்ற விளச்சீருக்குப் பின்னால் குறை என்ற நிரையசை வந்து உட்கார்ந்துவிட்டது, அது ஆசிரியத்தளை, வெண்பாவுக்குள் அதற்கு இடமில்லை. ஒரே ஒரு சொல், அதே பொருள், பாட்டு அறுந்துவிட்டது. தளை தட்டுகிறது என்று புலவர்கள் முகம் சுளிப்பது இதைத்தான். தளை என்ற சொல்லுக்கே விலங்கு, காலில் மாட்டும் கட்டு என்றுதான் பொருள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொடை என்பது தொடுத்தலில் இருந்து வந்தது, பூ தொடுக்கிறோமே அந்தத் தொடுத்தல். யாப்பின் உறுப்புகளுக்குப் பெயர் வைத்தவர்கள் கையில் கயிறும் நாருமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. “அறிந்தியாக்க” என்று ஏன் எழுதியிருக்கிறது, அறிந்து யாக்க என்றுதானே இருக்கவேண்டும் என்று கேட்பீர்கள். குற்றியலுகரத்துக்குப் பின்னால் யகரத்தில் தொடங்கும் சொல் வந்தால் உகரம் இகரமாகத் திரியும், அதுதான் குற்றியலிகரம். பள்ளியில் நாடு + யாது = நாடியாது என்று படித்தது ஞாபகம் இருக்கும். யகரத்தில் தொடங்கும் தமிழ்ச்சொற்கள் கொஞ்சம்தான், அதனால் குற்றியலிகரத்துக்கு உதாரணம் தேடி ஆசிரியர்கள் எப்போதும் நாடியாது, கேண்மியா என்று அதே இரண்டைத்தான் சுற்றிச்சுற்றி வருவார்கள். நம் யாத்தல் இங்கே ஒரு நல்ல உதாரணத்தைச் சும்மாவே கொடுக்கிறது.

சரி, தொல்காப்பியம் என்ன சொல்கிறது? செய்யுளியலில் யாப்புக்கு இலக்கணம் இப்படி:

“எழுத்து முதலா ஈண்டிய அடியில்
குறித்த பொருளை முடிய நாட்டல்
யாப்பென மொழிப யாப்பறி புலவர்.”

எழுத்து, அசை, சீர் என்று வளர்ந்து வந்து சேர்ந்த அடிகளுக்குள், சொல்ல நினைத்த பொருளை முழுமையாக நிறுத்திவிடுவது யாப்பு. இதில் பலர் கவனிக்காமல் விடுவது “குறித்த பொருளை முடிய” என்ற இடம். அசை சரி, சீர் சரி, தளை சரி, எதுகை மோனை எல்லாம் ஜோர், ஆனால் சொல்ல வந்தது முடியவில்லை அல்லது சொல்ல ஒன்றுமே இல்லை என்றால் தொல்காப்பியர் கணக்கில் அது யாப்பு ஆகாது. எதுகைக்காக ஒரு சொல்லை இழுத்துவந்து அடியை நிரப்புகிறவர்கள் இந்த நூற்பாவை ஒருதரம் படித்துவிடுவது நல்லது. நாட்டல் என்ற வினையையும் பாருங்கள், கொடி நாட்டுவது, கம்பம் நாட்டுவது போல. சிலப்பதிகாரப் பதிகத்தில் இளங்கோ தன் காப்பியத்தைப் பற்றிச் சொல்லும்போதும் “நாட்டுதும் யாம்ஓர் பாட்டுடைச் செய்யுள்” என்கிறார், அதே நாட்டல்.

இங்கே நான் சொன்னதற்கு எதிராக ஒரு கட்சி இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தொல்காப்பியர் யாப்பைப் பாட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழையும் யாப்பின் வழிப்பட்டவை என்கிறார். உரைநடையும் உண்டு, விடுகதையும் உண்டு, பழமொழியும் உண்டு. மரபியலில் வழிநூல் (முன்னூல் ஒன்றைப் பின்பற்றி எழும் நூல்) வகைகளைச் சொல்லும்போது “தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தலோடு அனைமரபினவே” என்கிறார். நம் வினைச்சொல் பட்டவர்த்தனமாக இருக்கிறது, மொழிபெயர்த்து, நெறிப்பட, நூலாகக் கட்டுவது. நன்னூல் பாயிரத்திலும் நூல்யாப்பு நான்கு வகை என்று இதைத்தான் எடுத்துச் சொல்கிறது. ஆகவே புதுக்கவிதைக்காரர் ஒருவர் வந்து, “தொல்காப்பியர் உரைக்கே யாப்பு உண்டு என்கிறார், என் கவிதைக்கு இல்லையா” என்று கேட்டால் கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

என் பதில்: அந்த அகன்ற பொருளில் யாரும் இன்று பேசுவதில்லை. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று இலக்கணம் ஐந்தாகப் பிரிந்த பிறகு, யாப்பருங்கலம், யாப்பருங்கலக் காரிகை என்ற யாப்பிலக்கண நூல்கள் வந்த பிறகு, யாப்பு என்றால் அசை சீர் தளை அடி தொடைக் கட்டு என்று நிலைத்துவிட்டது. உரைகாரர்கள் யாப்பு, பாட்டு, தூக்கு, தொடர்பு, செய்யுள் எல்லாம் ஒரே பொருள் என்றே எழுதுகிறார்கள். அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகையை எழுதியதே கட்டளைக் கலித்துறையில். ஓர் அடிக்கு ஒற்று நீக்கி எண்ணினால் நேரில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17, ஒன்று கூடக்கூடாது, குறையக்கூடாது. கட்டுவதற்கான விதியைச் சொல்லும் நூலையே அவ்வளவு இறுக்கமாகக் கட்டி, அதையும் ஒரு பெண்ணை முன்னால் நிறுத்திப் பேசுவதாக, மகடூஉ முன்னிலையில் சொல்கிறார். இதைப் படித்து நொந்துபோன யாரோதான் “காரிகை கற்றுக் கவி பாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்று” என்று சொல்லிவைத்திருக்க வேண்டும். இந்த யாப்பை வேண்டாம் என்று சொல்லித்தான் புதுக்கவிதை பிறந்தது. பாரதியின் வசன கவிதை, பிச்சமூர்த்தி, அப்புறம் 1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகை என்று அது வளர்ந்த பாதை எல்லாருக்கும் தெரிந்ததே. (பத்திரிகைக்குப் பெயர் எழுத்து என்று அமைந்தது தற்செயலாகத்தான் இருக்கும், ஆனால் கவிதை பாடுவது போய்க் கவிதை எழுதுவது என்று வழக்கு மாறியதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.) கட்டை அவிழ்த்துவிட்டு வெளியே வந்ததைப் பெருமையாகச் சொல்லும் ஒரு கவிதையைக் கொண்டுபோய் “யாத்த கவிதை” என்று அறிமுகப்படுத்தினால் எழுதியவருக்கும் மரியாதை இல்லை, சொல்லுக்கும் மரியாதை இல்லை. அழைப்பிதழ் அடிப்பவர்கள் இதை எழுதினாருக்கு ஒரு பட்டுச்சால்வை போர்த்திய வடிவமாக நினைத்துக்கொள்வதுதான் பிரச்சினை.

யாக்கை என்ற சொல்லும் இதே குடும்பம்தான். எலும்பு, தசை, நரம்பு என்று பலவற்றால் கட்டப்பட்டது, அதனால் உடம்புக்கு யாக்கை என்று பெயர். “மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு” என்று வள்ளுவர், யாக்கை நிலையாமை என்று நாலடியாரில் ஓர் அதிகாரமே உண்டு. ய உதிர்ந்து ஆக்கை என்றும் வரும், யானை ஆனையானது போல, யாறு ஆறானது போல. இதை நான் எடுத்ததற்குக் காரணம், நன்னூலில் செய்யுளுக்குச் சொல்லப்பட்ட இலக்கணம்: “பல்வகைத் தாதுவின் உயிர்க்குஉடல் போல்பல சொல்லால் பொருட்குஇட னாக உணர்வினின் வல்லோர் அணிபெறச் செய்வன செய்யுள்.” பலவகைத் தாதுக்களால் ஆன உடம்பு உயிருக்கு இடமாவது போல, பல சொற்களால் ஆகிப் பொருளுக்கு இடமாவது செய்யுள். நன்னூலை எழுதிய பவணந்தியார் யாக்கை என்ற சொல்லை இங்கே போடவில்லை, உடல் என்றுதான் சொல்கிறார், ஆனால் அவர் மனதில் யாப்பும் யாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி மற்ற வினைகள். இவற்றை எல்லாம் ஒரே பொருள் என்று அகராதியில் அடுக்கிவிடலாம், புழக்கத்தில் ஒவ்வொன்றும் வேறு.

பாடுதல் பழையது, அகலமானது. புறநானூற்றுக் குறிப்புகளில் “வேள் பாரியைக் கபிலர் பாடியது” என்று இருக்கும். இந்த வினை ஆளையும் செயப்படுபொருளாக ஏற்கும், பாட்டையும் ஏற்கும். பாரியைப் பாடினார் எனலாம், பாட்டைப் பாடினார் எனலாம். யாத்தல் அப்படிப்பட்டதில்லை, “கபிலர் பாரியை யாத்தார்” என்று எழுதினீர்கள் என்றால் அவனைக் கட்டிப்போட்டார் என்றாகிவிடும், நண்பருக்குச் செய்யும் வேலையா அது.

எழுதுதல் என்பது கையின் வேலை. பழந்தமிழில் எழுதுவது என்றால் தீட்டுவது, வரைவது. “எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்” என்ற குறளில் எழுதப்படுவது கண்ணுக்கு மை. தோளில் தொய்யில் (சந்தனக் குழம்பால் போடும் கோலம்) எழுதினார்கள், சுவரில் ஓவியம் எழுதினார்கள். யாத்தல் ஒருவர், எழுதுதல் இன்னொருவர் என்று இருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களைப் பாடிய விதத்தை அவர் மாணவர் உ.வே.சாமிநாதையர் விவரித்திருக்கிறார்: பிள்ளையவர்கள் யோசித்து வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். செய்யுள் கட்டப்பட்டது ஒரு தலைக்குள், எழுத்தாணி ஓடியது இன்னொருவர் கையில். அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண்பார்வை இல்லாதவர், தன் சீட்டுக்கவியில் (பாட்டாக எழுதும் கடிதம்) தன்னை “ஏடாயிரம் கோடி எழுதாது தன்மனத்து எழுதிப் படித்த விரகன்” என்றே சொல்லிக்கொள்கிறார். எழுதாமலே யாக்க முடியும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம். ஆகவே யாத்தார் = எழுதினார் என்ற சமன்பாடு அடிப்படையிலேயே தவறு.

இயற்றுதல் உண்டாக்குதல். “கெடுக உலகியற்றி யான்” என்று வள்ளுவர் கோபித்துக்கொள்வது உலகத்தைப் படைத்தவனை. சட்டம் இயற்றுகிறார்கள், நூல் இயற்றுகிறார்கள். செய்யுளா உரைநடையா என்று இந்தச் சொல் கேட்பதில்லை, கொஞ்சம் அலுவலக வாடை உண்டு, பாடப்புத்தகத்துக்குப் பொருத்தம்.

புனைதல் அலங்கரித்தல், ஒப்பனை செய்தல், மாலை தொடுத்தல், அதிலிருந்து கற்பனையாகச் சொல்லுதல். அதனால்தான் புனைகதை என்கிறோம், பொய் சொல்பவனைப் புனைந்து பேசுகிறான் என்கிறோம். கற்பனை தூக்கலாக இருந்தால் புனைந்தார், கட்டமைப்பு தூக்கலாக இருந்தால் யாத்தார். வேடிக்கை என்னவென்றால் “புனைபூணும்” என்று 836ஆம் குறளில் வரும் புனை விலங்கைக் குறிக்கிறது, பரிமேலழகர் தளை என்றே உரை எழுதுகிறார். சுற்றிப்போனாலும் கடைசியில் விலங்கில்தான் வந்து நிற்கிறோம்.

இவற்றை எல்லாம்விட அழகாக எனக்குப் படுவது கம்பன் பயன்படுத்தும் வினைகள். இராமாயணத்தின் அவையடக்கத்தில் “ஆசை பற்றி அறையலுற்றேன்” என்று ஓரிடத்தில் சொல்கிறான், பறையறைவது போல உரக்கச் சொல்லத் தொடங்கினேன். பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையைப் போல என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் அதே பாட்டில்தான் இந்த அறைதல். அடுத்தாற்போல் வேறொரு பாட்டில் “நொய்தின் நொய்யசொல் நூற்கலுற்றேன்” என்கிறான். நூற்றல், பஞ்சை நூலாக நூற்பது. அற்பத்திலும் அற்பமான சொற்களை வைத்துக்கொண்டு நூற்கப் பார்க்கிறேன் என்கிறான். வான்மீகியைச் சொல்லும்போது மட்டும் “மாக்கதை செய்த” என்று மரியாதையாகச் செய்தலைக் கொடுத்துவிடுகிறான். நூல் என்ற சொல் இழைக்கும் புத்தகத்துக்கும் பொதுவாக இருப்பதும், பனுவல் என்ற சொல் புறநானூற்றில் “பருத்திப் பெண்டின் பனுவல்” என்று பஞ்சையும் பின்னால் நூலையும் குறிப்பதும் தெரிந்தவர்களுக்கு அந்த நூற்றலின் ருசி புரியும். நன்னூலில் ஒரு வெண்பா இதை விளக்கமாகவே சொல்கிறது: சொல்தான் பஞ்சு, பனுவல் இழை, புலவன்தான் நூற்கும் பெண், வாய்தான் கை, அறிவுதான் நூற்கும் கதிர். நூற்றால் மட்டும் போதாது, கட்டவும் வேண்டும், அந்தக் கட்டுகிற கட்டம்தான் யாத்தல்.

இனி ஒரு சந்தேகம் வரும், இந்தச் சொல் செத்துப்போன சொல்தானே, புலவர் வட்டத்துக்கு வெளியே யார் சொல்கிறார்கள் என்று. யாத்தல் என்ற உருவம் பேச்சில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணம் துளியும் சாகவில்லை. ஊரில் கும்மிக்கு, ஒப்பாரிக்கு, கேலிக்கு என்று பாடத் தெரிந்தவரைப் பற்றிச் சொல்லும்போது “நல்லா பாட்டுக் கட்டுவார்” என்கிறார்கள். மெட்டுக் கட்டுகிறார்கள். ஒருத்தர் மேல் கதை கட்டிவிடுகிறார்கள். இல்லாததை இட்டுக்கட்டுகிறார்கள். காரிகை படிக்காத கிழவி “பாட்டுக் கட்டுறது” என்று சொல்வதும், தொல்காப்பியர் யாத்தல் என்பதும் ஒரே வேலை, சொல்தான் வேறு. அப்படிப் பார்த்தால் கொடுத்த மெட்டுக்குத் தத்தகாரத்தை (தன்னானே என்பது போன்ற சந்த அளவை) எண்ணி அசை பிசகாமல் சொல்லை உட்கார வைக்கும் சினிமாப் பாடலாசிரியர், புதுக்கவிதை எழுதுகிறவரைவிட யாத்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இது சிலருக்குக் கசக்கும், பரவாயில்லை.

இலங்கையில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு நல்ல வாழ்வு கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு சங்கத்தின் அமைப்பு விதிகளுக்கு யாப்பு என்று பெயர். “யாப்பின்படி செயலாளர் தெரிவு நடைபெற்றது”, “யாப்புத் திருத்தம்” என்று ஊர்ச் சனசமூக நிலையத்திலிருந்து பழைய மாணவர் சங்கம் வரை சர்வசாதாரணமாகப் புழங்கும். நாட்டுக்கு உள்ளதை அரசியலமைப்பு என்பதோடு அரசியல் யாப்பு என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சட்டதிட்டங்கள், விதிமுறைகள், சாசனம் என்று என்னென்னவோ சொல்கிறோம், கட்டுக்கோப்பு என்ற பொருள் துல்லியமாக விழும் இந்தச் சொல் நம் பக்கம் வராமலே போய்விட்டது. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சங்கக் கூட்டத்தில் “யாப்பை மாற்ற வேண்டும்” என்று காதில் விழுந்தால் வெண்பாவை விருத்தமாக்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்.

கடைசியாக, எழுதும்போது வரும் பிழைகள், இதைத்தான் அழைப்பிதழ்களில் அதிகம் பார்க்கிறேன். யாத்தான், யாத்தாள், யாத்தார், யாத்த, யாத்து, யாத்துள்ளார், யாக்க, யாக்கும், யாப்பேன், யாக்கப்பட்ட, இவ்வளவும் சரி. யாத்தினார், யாத்தியுள்ளார், யாப்பித்துள்ளார், யாக்கினார் என்று போடுவது தப்பு. கடைசியில் சொன்னது ஆக்கினாரோடு குழப்பிக்கொள்வதால் வருகிறது. ஆக்குதல் வேறு வினை, படைத்தல் என்ற பொருள். நன்னூலில் பாயிரத்துக்கு வேண்டியவற்றைச் சொல்லும் நூற்பாவிலேயே “ஆக்கியோன் பெயரே” என்பதும் “யாப்பே” என்பதும் தனித்தனியாக வருகின்றன, இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டு தடவை சொல்லியிருக்க மாட்டார். யாப்பு யாத்தார் என்பதும் கேட்க நன்றாக இல்லை, வெண்பா யாத்தார், அந்தாதி யாத்தார், பதிற்றுப்பத்தந்தாதி யாத்தார் என்று இன்ன செய்யுள் என்று பெயரைச் சொல்லிவிட்டால் வினை தானாகப் பொருந்தும். பெயரைச் சொல்ல முடியாமல் வெறுமனே “கவிதைகள்” என்று நிறுத்த வேண்டியிருந்தால் அந்த இடத்தில் யாத்தல் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

நிகழ்காலத்தில் யாக்கிறேன் என்று வடிவம் சொல்லலாம், இலக்கணம் தடுக்காது, ஆனால் யாரும் சொல்வதில்லை, சொன்னால் எதிரே இருப்பவர் “என்ன ஆக்குறீங்க?” என்று சமையலறைப் பக்கம் பார்ப்பார். உட்கார்ந்து தளை எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கேட்டால் வெண்பா எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றே சொல்லிவிடுங்கள்.